ஒரு சக்கரம் இல்லாத லாரி

போன மாதம் தீபிகா போன் செய்தாள். எங்கள் மையத்துக்குப் புதிதாக வந்திருக்கிற தெரபிஸ்ட். குழந்தைகளோடு விளையாடி, விளையாட்டு வழியாகவே அவர்கள் மனசை ஆற்றுகிற படிப்பு படித்தவள். நான் வேலையை விட்ட பிறகு வந்தவள்தான், ஆனாலும் என்னை ஆயா என்றுதான் கூப்பிடுகிறாள். அந்தக் கட்டடத்தில் எல்லாருக்கும் நான் ஆயா.

"ஆயா, அலமாரியில ஒரு சக்கரம் இல்லாம ஒரு லாரி இருக்குதுங்களே. ஒட்டி வெச்சரலாம்னு பசை வாங்கிட்டு வந்தேன். சுகந்தி மேடம் பாத்துட்டு, ஆயாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு ஒட்டுன்னு சொல்லிட்டாங்க."

"ஒட்டிட்டியா?"

"இல்லீங்க."

"பசைய மூடி வெய்யி சாமி. சனிக்கிழம வகுப்புக்கு நானே வாரேன்."

போனை வைத்துவிட்டு வெகு நேரம் சிரித்தேன். மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, என்னத்துக்குச் சிரிக்கிறீங்க என்றாள். ஒரு பிள்ளை நான் செய்த தப்பையே செய்யக் கிளம்பியிருக்கிறது, ஆனால் அது கேட்டுவிட்டது, நான் கேட்கவில்லை என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரியும்படி சொன்னேன். கேட்டுவிட்டு, இதை எழுதி மையத்தின் வருஷ மலருக்குக் கொடுக்கலாம் என்றாள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போட்டால் ஆத்தூர் தாண்டினால் யாருக்கும் புரியாதாம், அதனால் கொஞ்சம் புஸ்தகப் பேச்சாக மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். மற்றவர்கள் பேசுவதை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் கோழிப்பண்ணையில் முட்டை பிரித்தவள். நாமக்கல்லில் பிறந்தால் ஒன்று லாரி, இல்லாவிட்டால் முட்டை. எங்கள் வீட்டுக்காரர் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் இருந்தார், நான் முட்டைக்குப் போனேன். முப்பது குழி உள்ள அட்டை. எந்தக் குழியில் விரிசல் முட்டை, எதில் சின்னது, எதில் அழுக்கு என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். கை தானாகப் போகும். பிறகு மூச்சு இழுக்க ஆரம்பித்து, கோழித் தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெண் இந்த மையத்தில் கூட்டிப் பெருக்க ஆள் கேட்கிறார்கள் என்றாள். போனேன்.

முதல் நாள், மையத்தை நடத்துகிற சுகந்தி மேடம் விளையாட்டு அறையைக் காட்டினார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டு, என்னையும் உட்காரச் சொன்னார். மூன்று தட்டு அலமாரி. மேல் தட்டில் வீடும் மனுஷப் பொம்மைகளும். நடுத் தட்டில் டாக்டர் பெட்டி, சொப்புச் சாமான், போலீஸ் தொப்பி, ஆடு மாடு புலி. கீழ்த் தட்டில் பஸ், லாரி, ரயில். ஓரத்தில் ஒரு மரப்பெட்டி நிறைய மணல். பெட்டியின் உள்பக்கம் நீல வண்ணம், மணலை ஒதுக்கினால் தண்ணீர் போலத் தெரியும். ஒரு பிள்ளை போய் அடுத்த பிள்ளை வருவதற்குப் பத்து நிமிஷம். அதற்குள் ஒவ்வொரு சாமானும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். மணலைச் சலித்துச் சமன் செய்ய வேண்டும். போன வாரம் புலி எங்கே இருந்ததோ அங்கேதான் இந்த வாரமும் இருக்க வேண்டும். வீட்டில் எது மாறினாலும் இந்த அறை மாறாது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டுமாம்.

மேடம் ஒரு போட்டோ கொடுத்து, இதைப் பார்த்து அடுக்குங்கள் என்றார். நான் போட்டோவை வாங்கவில்லை. எனக்கு அது முட்டை அட்டைதான். எழுபத்தொரு சாமான், எழுபத்தொரு குழி. மறுநாள் மேடம் வேண்டுமென்றே ஒரு குட்டிப் பன்றியைத் தன் சேலைத் தலைப்பில் ஒளித்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். வாசலில் நின்றபடியே, பன்னியக் காணமுங்க என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் எனக்கு வேலை நிலைத்துவிட்டது.

பழகுவதற்குக் கஷ்டமாக இருந்தது வேறு. பிள்ளையிடம் இன்றைக்கு என்ன விளையாடினாய் என்று கேட்கக் கூடாது. அழுதால் ஐயோ பாவம் என்று பிஸ்கட் கொடுக்கக் கூடாது. அறைக்குள் தெரபிஸ்டுகளும் அப்படித்தான். நன்றாகச் செய்தாய் என்று புகழக் கூடாது, இது என்ன என்று கேட்கக் கூடாது. பிள்ளை செய்வதைப் பார்த்து, பார்த்ததைச் சொல்ல வேண்டும். "மாட்ட வீட்டுக்குள்ள கொண்டு போயிட்ட." அவ்வளவுதான். தன்னை அடிக்க, அடுத்தவரை அடிக்க, சாமானை உடைக்க மட்டும் கூடாது என்று சொல்ல வேண்டும். முடிவதற்கு முன்னால், இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு என்று சொல்ல வேண்டும். இதற்காகவா இத்தனை வருஷம் படித்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

படித்தது போதாதென்று மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை வகுப்பு வேறு. சேலம், ஈரோடு, கரூர் என்று பல ஊரிலிருந்து தெரபிஸ்டுகள் வருவார்கள். புதிதாக வந்தவர்கள் மட்டும் இல்லை, தலை நரைத்தவர்களும் வந்து நோட்டுப் புத்தகத்தோடு தரையில் உட்காருவார்கள். நான் டீ கொடுக்கப் போவேன். ஒரு நாள் மேடத்திடம் கேட்டே விட்டேன், இத்தனை வருசம் படிச்சும் இன்னும் முடியலீங்களா என்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் சொல்வதற்கு முன்னால் அவர் அதைச் செய்யாமல் இருந்து நான் பார்த்ததில்லை. "புள்ளைங்க புதுசு புதுசா வர்றாங்களே, பழனியம்மா" என்றார்.

அந்த வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. அதற்கு முதல் சுற்று என்று பேர். பாடம் தொடங்குவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் அந்த மாதம் தான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். முதலில் சொல்வது மேடம். பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன், அது பேச்சை நிறுத்திவிட்டது என்பார். அப்புறம் அடுத்தவர். யாரும் யாரையும் ஏன் செய்தாய் என்று கேட்க மாட்டார்கள். மேடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அப்ப உங்க மனசுல என்ன இருந்துச்சு?" தப்புச் செய்தவர் அதற்குப் பதில் தேடுவார். தேடும்போதே முகம் மாறும். டீ தட்டைப் பிடித்துக்கொண்டு நான் நின்று பார்ப்பேன். நல்லவேளை நாம் ஆயா, நமக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பேன்.

பிறகு ஒருவர் பிள்ளையாகவும் ஒருவர் தெரபிஸ்டாகவும் இருந்து பழகுவார்கள், மூன்றாவது ஆள் கைக்கடிகாரம் வைத்துக்கொண்டு பார்ப்பார். படித்தவர்கள் பிள்ளையாக இருப்பதைப் பார்க்க வேண்டுமே. ஈரோட்டிலிருந்து வருகிற மீசைக்காரர் ஒருவர் மழலை பேசுவார். எந்தப் பிள்ளை அப்படிப் பேசுகிறது? நான் டீயைச் சிந்தாமல் வெளியே வருவதே பெரும் பாடாக இருக்கும்.

இப்போது அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். பேர் சொல்லக் கூடாது, அது எங்கள் வேலையில் முதல் பாடம். வாணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயசு. மோகனூர்ப் பக்கம் கரும்புக்காட்டு வீடு. அதனுடைய அப்பிச்சி, அம்மாவைப் பெற்ற தாத்தா, மொபெட்டில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிவருவார். அப்பா லாரி டிரைவர். வடக்கே லோடு போன இடத்தில் லாரி கவிழ்ந்து இறந்துவிட்டார். உடம்பு வந்த அன்று பிள்ளையை ராசிபுரத்துச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லாக் காரியமும் முடிந்த பிறகு கூட்டிவந்து, அப்பா தூரத்து லோடு போயிருக்காங்க, வர நாளாகும் என்று சொல்லிவிட்டார்கள். அன்றையிலிருந்து பிள்ளை பேசவில்லை. ஐந்து மாதம். பள்ளிக்கூடத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை.

சொல்லிவிட வேண்டும் என்று மேடம் அவர்களிடம் முதல் நாளிலிருந்தே சொன்னார். அம்மாக்காரிக்கு மனசு உண்டு, வாய் வரவில்லை. அப்பிச்சிதான் ஒரே பிடி. சின்னப் புள்ளைங்க அம்மிணி, தாங்காதுங்க, பேச வெச்சுக் குடுங்க, பொறகு பாத்துக்கலாம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

வாணியைப் பார்த்துக்கொண்ட தெரபிஸ்ட் ரேவதி. அமைதியான பெண். உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது, கதவு சாத்தியிருக்கும். ஆனால் பிள்ளை போன பிறகு மணலைச் சமன் செய்வது நான்தானே. ஒவ்வொரு வாரமும் ஒரே தடம். பெட்டியின் ஓரத்தை ஒட்டியே ஒரு லாரி வந்திருக்கும். மூன்று சக்கரத்தின் தடமும், நாலாவது இடத்தில் அச்சு கீறிய கோடும். ஒரு மூலையில் அது சாய்ந்து கிடக்கும். பக்கத்தில் ஒரு சின்ன உள்ளங்கை அழுந்திய குழி.

அந்த நீல லாரி பழசு. வாணி வருவதற்கு முன்னாலேயே ஒரு சக்கரம் போய்விட்டது. மேடத்திடம் கேட்டபோது இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். வாரா வாரம் அந்தச் சாய்ந்த லாரியை நிமிர்த்தி, மணலைத் தட்டி, கீழ்த் தட்டில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடுவில் வைப்பேன். வைக்கும்போதெல்லாம் நினைப்பேன். அப்பன் போனது லாரியில், பிள்ளைக்குக் கிடைத்ததும் இப்படி ஒரு நொண்டி லாரியா?

அந்த வாரம் ஊரில் தேர் நோம்பி, தேர்த் திருவிழா. கடைவீதியில் ஒரு லாரி பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் கட்டின பாடி மாதிரியே. சிவப்புத் தலை, பச்சைப் பலகை, நாலு சக்கரமும் வழுக்கிக்கொண்டு ஓடியது. வாங்கிவிட்டேன். மறுநாள் காலையில் அதே இடத்தில் வைத்தேன். பழையதைத் தெருவில் வந்த பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டேன். எதை எடுத்தாலும் வைத்தாலும் மேடத்திடம் கேட்க வேண்டும் என்பது விதி. நல்லது செய்வதற்கு எதற்குக் கேட்பது என்று இருந்துவிட்டேன்.

வாணி வந்தது. கதவு சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் அறைக்குள் சாமான் உருட்டுகிற சத்தம். பிள்ளை வீசவில்லையாம், ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்ததாம். மூன்று தட்டும் காலி. அப்புறம் மணலைத் தோண்டியது. அப்புறம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, பெஞ்சுக்கு அடியில் பார்த்தது, வாசல் குப்பைத் தொட்டியில் கையை விட்டுப் பார்த்தது. ரேவதி பின்னாலேயே வந்து, "எதையோ தேடற. கெடைக்கல" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் என்ன என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். பிள்ளை என் பக்கமும் வந்து என் கையைப் பார்த்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லத்தான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

அடுத்த வாரம் வாணி மொபெட்டை விட்டு இறங்கவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அப்பிச்சி இழுத்துப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "இத்தன வாரம் வந்தும் ஒரு வார்த்த பேசல. இருந்த கொஞ்சமும் போச்சுங்க அம்மிணி. மேடத்துகிட்டச் சொல்லீருங்க, இனி வரலீங்க" என்று வண்டியைத் திருப்பிவிட்டார்.

அதற்கு மறுநாள் வகுப்புச் சனிக்கிழமை. முதல் சுற்றில் ரேவதியின் முறை வந்தது. வாணியின் பேரைச் சொல்லாமல், ஒரு பிள்ளை திடீரென்று நின்றுவிட்டது, நான் என்னவோ தப்புச் செய்துவிட்டேன், என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை என்றாள். நான் டீ தட்டைக் கீழே வைத்தேன்.

"அது நானுங்க" என்றேன்.

இருபது பேரும் திரும்பினார்கள். முழுவதும் சொன்னேன். சொல்லி முடித்ததும் மேடம் கண்ணாடியைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். "உக்காருங்க பழனியம்மா" என்றார். நானும் வட்டத்தில் உட்கார்ந்தேன், முதல் தடவையாக. பிறகு எல்லாரிடமும் கேட்பதை என்னிடமும் கேட்டார். "அப்ப உங்க மனசுல என்ன இருந்துச்சு?"

பிள்ளை சந்தோஷப்படட்டும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அது வரவில்லை. "என்னால அந்த லாரியப் பாக்க முடியலீங்க" என்றேன். பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பார்க்க முடியாதது எனக்குத்தான்.

மேடம் தலையை ஆட்டினார். "அவங்க ஊட்டுலயும் அதேதான் நடந்துக்கிட்டு இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர்கள் பிள்ளையிடமிருந்து ஒன்றை எடுத்து ஒளித்துவைத்தார்கள். நானும் எடுத்து ஒளித்துவிட்டேன். அது வாய் பேசாமல் இரண்டையும் சேர்த்தே தேடியிருக்கிறது.

அன்று மத்தியானமே பழைய சாமான் கடைக்குப் போனேன். எந்த மூட்டை என்று கடைக்காரனுக்கே தெரியவில்லை. பிளாஸ்டிக்கையெல்லாம் நொறுக்கிச் சாக்கில் கட்டியிருந்தார்கள். நாலு சாக்கை அவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றில் நீலத் துண்டு ஒன்று கிடைத்தது. அது எங்கள் லாரியா, யார் வீட்டு வாளியா, யாருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை மேடம், அப்பிச்சிக்குப் போன் செய்து ஒரே ஒரு தடவை கூட்டிவாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். என்னைக் கூப்பிட்டு, யார் எடுத்தார்களோ அவர்கள்தான் பிள்ளையிடம் சொல்ல வேண்டும் என்றார். எப்படிச் சொல்வது என்று கேட்டேன். நடந்ததை நடந்த மாதிரி, சின்னதாக. மன்னிப்புக் கேட்டு அதையே பெரிசாக்கக் கூடாது, புதுசு நன்றாக இருக்கிறது பார் என்று சமாதானம் சொல்லக் கூடாது, வராததை வரும் என்று சொல்லவே கூடாது. மூன்று நாள் அதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். மற்றவர்கள் எழுதிவைத்துக்கொள்வார்கள். எனக்கு மாவரைக்கும்போது, கூட்டும்போது, பஸ்ஸில் வரும்போது அதே வேலை.

அப்பிச்சி வாணியைக் கூட்டிவந்தார். பிள்ளை இறங்கவில்லை. நான் மொபெட் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். ரேவதி கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"சாமி, அந்தப் பழைய லாரிய எடுத்தது நாந்தான். உன்னையக் கேக்காம பழைய சாமான்காரங்கிட்டப் போட்டுட்டேன். போன தடவ நீ தேடறப்பவும் சொல்லாம நின்னுட்டேன்."

பிள்ளை என்னைப் பார்த்தது. கைப்பிடியை விடவில்லை. வேப்பமரத்தில் காக்காய் கத்தியது கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கம்மிப்போன குரலில், ஐந்து மாதமாக உள்ளே கிடந்த குரலில், "வருமா?" என்றது.

அப்பிச்சி நிமிர்ந்தார்.

"வராது சாமி. கடைக்குப் போயித் தேடிப் பாத்தேன். நொறுக்கிட்டாங்க. இனி வராது."

அப்புறம் கேட்டது. "எங்கப்பா லாரியும் நொறுங்கிருச்சா?"

பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது நான் சொல்ல வேண்டிய மெய்யும் இல்லை. நான் ரேவதியைப் பார்த்தேன். அவள் கிட்டே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்பா லாரிக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியணும்" என்றாள். பிள்ளை ஆமாம் என்று தலையாட்டியது. "அத உங்கம்மா சொல்லணும். அம்மாவக் கூப்புடலாம்" என்றாள்.

நான் அப்பிச்சி பக்கம் திரும்பவில்லை. மொபெட் அவர் கையிலிருந்து சாய்வது தெரிந்து எழுந்து பிடித்தேன். அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு, "அவளுக்குப் போன் போடுங்க அம்மிணி" என்றார்.

அம்மாக்காரி பஸ் பிடித்து வந்து சேர ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை பிள்ளை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பேசவில்லை. மேடம் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கொஞ்சம் பேசினார். அப்புறம் அம்மாவும் பிள்ளையும் ரேவதியும் உள்ளே போனார்கள், கதவு சாத்தியது. அம்மா அழுவது கேட்டது. அப்புறம் இன்னொரு அழுகையும் கேட்டது. அப்பிச்சி எழுந்து உள்ளே போகப் பார்த்தார்.

"உக்காருங்க. அழுவுட்டும்" என்றேன்.

"தாங்குமுங்களா?"

"அஞ்சு மாசமாத் தாங்கிக்கிட்டுத்தான இருந்துச்சு."

அவர் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம் வாணி தானாக இறங்கி உள்ளே போனது. அது போன பிறகு மணல் சலிக்கப் போனேன். கீழ்த் தட்டில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடுவில் காலி. மணலில் மூலையில் ஒரு மேடு. மேட்டின் மேல் ஒரு கல், பக்கத்தில் சொப்புக் கிண்ணம் கவிழ்ந்து மணல் ஈரமாக இருந்தது. எங்கள் பக்கம் புதைத்த இடத்தில் பால் தெளிக்கிற வழக்கம் உண்டு. அந்தப் பிள்ளையை அதற்குக் கூட்டிப்போகவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. கல்லை எடுத்துவிட்டுத் தோண்டினேன். புது லாரி. முன் சக்கரம் ஒன்றைப் பிடுங்கியிருந்தது. சக்கரம் தனியாகக் கிடைத்தது.

அதை அலமாரியில் வைப்பதா, திரும்பப் புதைப்பதா என்று தெரியவில்லை. அடுத்த பிள்ளைக்கு ஏழு நிமிஷம்தான் இருந்தது. மேடத்திடம் ஓடினேன். "அலமாரியில எடுத்து வெக்கலாமுங்களா?" என்று கேட்டேன். வைத்துத்தான் ஆக வேண்டும், அடுத்த பிள்ளைக்கும் லாரி வேண்டுமே என்றார். வாணி அடுத்த வாரம் வந்து மறுபடி புதைக்கும், எத்தனை தடவை வேண்டுமோ அத்தனை தடவை புதைக்கட்டும், நீங்களும் அத்தனை தடவை எடுத்துவையுங்கள் என்றார். சக்கரத்தைக் காட்டினேன். அதையும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு லாரிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். இந்தத் தடவை கேட்டுவிட்டுச் செய்தேன் என்பதில் எனக்குச் சின்னப் பெருமை.

அந்த மாத வகுப்பில் அதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம். சாமானை உடைக்கக் கூடாது என்பது விதி. பிள்ளை சக்கரத்தைப் பிடுங்கும்போது ரேவதி தடுத்திருக்க வேண்டுமா? மீசைக்காரர் தடுத்திருக்க வேண்டும் என்றார், ஒரு தடவை விட்டால் அந்த அறையில் பிள்ளைக்கு வேறெந்த எல்லையும் நிற்காது என்றார். கரூர்க்காரப் பெண் ஒருத்தி, அது உடைப்பு இல்லை, ஆயா மாற்றினதை அந்தப் பிள்ளை திருப்பி வைத்தது என்றாள். ரேவதி, எனக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை, அதுதான் உண்மை என்றாள். கடைசியில் எல்லாரும் மேடத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எனக்குத் தெரியல" என்றார். இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுக்கிற மனுஷி. எனக்கு அன்றைக்கு அவர் மேல் வந்த மரியாதை இன்றுவரை இறங்கவில்லை.

எட்டு வாரம் வாணி அந்த லாரியைப் புதைத்தது. எட்டு வாரம் நான் தோண்டி எடுத்து, தட்டித் துடைத்து, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நடுவில் வைத்தேன். ஒன்பதாவது வாரம் மணல் நான் சமன் செய்தபடியே இருந்தது. லாரி தன் இடத்தில் இருந்தது. சொப்புச் சாமான் மட்டும் தரையெல்லாம் கிடந்தது. அதற்குள் பிள்ளை பள்ளிக்கூடத்தில் பேச ஆரம்பித்திருந்தது. வீட்டில் வாய் ஓயவில்லை என்று அப்பிச்சியே குறைப்பட்டுக்கொண்டார், குறை சொல்லும்போது மீசைக்குள் சிரிப்பு. கடைசி நாள் போகும்போது வாணி வாசல்வரை போய்விட்டுத் திரும்பி என்னிடம் வந்தது.

"ஆயா, அந்த லாரிய ஒட்டிராதீங்க."

"ஒட்ட மாட்டேன் சாமி."

"வேற யாராச்சும் ஒட்டுனா?"

"என்னையக் கேட்டுட்டுத்தான் ஒட்டணும்னு சொல்லி வெச்சர்றேன்."

மேடத்திடம் அப்படியே சொன்னேன். அவர் அதை எழுதிவைத்துக்கொண்டார். அதற்கப்புறம் எத்தனையோ பிள்ளைகள் அந்தச் சக்கரத்தை எடுத்து மாட்டிப் பார்த்திருக்கிறார்கள். மாட்டலாம், நிற்காது. சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள், சிலர் மூன்று சக்கரத்திலேயே ஓட்டுவார்கள்.

எனக்கும் ஒரு மாற்றம் வந்தது. அந்த வாக்குவாதத்துக்கு அடுத்த மாத வகுப்பில் மீசைக்காரர் மழலை பேசத் தொடங்கியதும் மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். "பழனியம்மா, நீங்க புள்ளையா இருக்கறீங்களா?" என்றார். உட்கார்ந்தேன். எனக்கு நடிக்க வரவில்லை. மாடு ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். எதிரில் இருந்த மீசைக்காரருக்கு வேர்த்துவிட்டது. அன்றையிலிருந்து வேலையை விடுகிறவரை, வகுப்பில் பிள்ளை நான்தான். இந்தப் பக்கம் இன்றைக்கு இருக்கிற பாதி தெரபிஸ்டுகள் என்னோடு விளையாடித்தான் பழகினார்கள். என் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

போன சனிக்கிழமை போனேன். மேடத்துக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது, கண்ணாடி இன்னும் தடிமனாகிவிட்டது. தரையில் உட்காரத்தான் செய்கிறார், எழுந்திருக்க மட்டும் கை வேண்டும். முதல் சுற்றில் அவர் தப்பைச் சொன்னார். தீபிகா பசையைப் பற்றிச் சொன்னாள். நான் இந்தக் கதையைச் சொன்னேன். அப்புறம் மேடம் தீபிகாவையும் என்னையும் எதிரெதிரே உட்காரச் சொன்னார். இடுப்பு வலித்தது, ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன்.

லாரியை எடுத்தேன். சிவப்புத் தலை வெளுத்துப்போயிருந்தது. சக்கரம் இல்லாத பக்கத்தைத் தீபிகாவுக்குக் காட்டி நீட்டினேன். அவள் கை கொஞ்சம் முன்னால் வந்தது. பிறகு அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். லாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒரு சக்கரம் இல்ல" என்றாள்.

வேறு ஏதாவது சொல்வாளோ என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் நான் விளையாட ஆரம்பித்தேன்.